டீம் லீட் பொறுப்பை ஏற்பதா, வடிவமைப்பாளராகவே நீடிப்பதா? வடசென்னைத் தோழர்களின் கருத்து தேவை

கொருக்குப்பேட்டை டிசைனர் (இழையைத் தொடங்கியவர்):

அனைவருக்கும் வணக்கம். பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தில் செயலிகளுக்கான திரைகளை வடிவமைக்கும் வேலையில் இருக்கிறேன். ஆண்டர்சன் தெருவில் கல்யாணப் பத்திரிகை அச்சிடும் ஒரு கடையில் கோரல்டிரா மென்பொருளை வைத்து டிடிபி (கணினியில் பக்கம் அமைக்கும் வேலை) செய்தவனாகத்தான் இந்தத் துறைக்குள் வந்தேன். அதன் பிறகு ஒரு விளம்பர நிறுவனம், அங்கிருந்தபடியே திரைகளை வரையும் ஃபிக்மா மென்பொருளைக் கற்றுக்கொண்டு இந்த வேலை என்று படிப்படியாக நகர்ந்திருக்கிறேன். வடிவமைப்பில் பட்டம் எதுவும் இல்லை.

எங்கள் குழுவை நடத்தி வந்தவர் வேறு ஊருக்குப் போகிறார். அந்த இடத்துக்கு என்னை நியமிக்க விரும்புவதாக மேலாளர் சொல்லியிருக்கிறார். குழுவில் ஆறு பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் வயதிலும் அனுபவத்திலும் எனக்கு மூத்தவர்; நான் சேர்ந்த புதிதில் எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். வேறு இருவர் பெயர்பெற்ற வடிவமைப்புக் கல்லூரிகளில் படித்து வந்தவர்கள். இவர்களுடைய வேலையைப் பார்த்து நான் கருத்துச் சொல்ல வேண்டும், ஆண்டு மதிப்பீடு எழுத வேண்டும் என்பதை நினைத்தால் தயக்கமாக இருக்கிறது. அதைவிடப் பெரிய தயக்கம், வரைந்து பழகிய கை இனிமேல் கூட்டங்களுக்கும் அட்டவணைகளுக்கும் மட்டுமே பயன்படுமோ என்பது. இந்த வழியில் ஏற்கெனவே நடந்தவர்கள், முடிந்தால் நம் பகுதியிலிருந்து போனவர்கள், என்ன சொல்கிறீர்கள் என்று அறிய விரும்புகிறேன்.

ஆண்டர்சன் தெரு அச்சகத்தார்:

தம்பி, பட்டம் இல்லை என்று நீங்கள் எழுதிய வரியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் மற்றத் தயக்கங்கள் எல்லாம் அதிலிருந்துதான் கிளம்புகின்றன என்று எனக்குத் தோன்றுகிறது. தை மாதத்திலும் ஆவணியிலும் முகூர்த்த நெருக்கடியின்போது எங்கள் தெருக் கடைகளில் என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். பெண் வீட்டார் நான்கு பேர், மாப்பிள்ளை வீட்டார் நான்கு பேர், டிடிபி செய்பவரின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, தாய்மாமன் பெயர் எந்த வரியில் வர வேண்டும், காலமான பெரியவரின் பெயருக்கு முன் என்ன போட வேண்டும், எந்தப் பக்கத்து எழுத்து ஒரு புள்ளி பெரியதாகத் தெரிகிறது என்றெல்லாம் ஒரே நேரத்தில் சொல்வார்கள். அந்த எட்டுப் பேரில் முடிவெடுக்கும் உரிமை உண்மையில் யாருக்கு இருக்கிறது என்பதை யாருடைய மனமும் நோகாமல் கண்டுபிடித்து, அவரிடம் மாதிரிப் படியான புரூஃபில் கையெழுத்து வாங்கிய பிறகே அச்சுப் பிளேட்டுக்கு அனுப்பத் தெரிந்தவர்தான் அந்தக் கடையில் நிலைப்பார். உங்கள் நிறுவனத்தில் விற்பனைத் துறையும் பொறியாளர்களும் மேலாளரும் ஆளுக்கொன்று சொல்லும்போது குழுவை நடத்துபவர் செய்ய வேண்டிய வேலையும் இதுதான். நீங்கள் அதைக் கல்லூரிக்குப் போகாமலேயே, சம்பளம் வாங்கிக்கொண்டே கற்றிருக்கிறீர்கள்.

இன்னொன்றும் உண்டு. சிறிய எழுத்தை நான்கு வண்ணங்களும் கலந்த கறுப்பில் வைக்காதே என்று மட்டும் சொல்லும் முதலாளி ஒரு வகை. நான்கு பிளேட்டில் ஒன்று இம்மி விலகினாலும் எழுத்தின் ஓரம் மங்கிவிடும், அதனால் ஒற்றைக் கறுப்பில் வை என்று காரணத்தோடு சொல்லும் முதலாளி இன்னொரு வகை. இரண்டாம் வகையினரிடம் வேலை பார்த்தவர்கள்தான் பிறகு தனியாகக் கடை போட்டார்கள் என்பதை இந்தத் தெருவில் பலமுறை பார்த்திருக்கிறேன். நீங்கள் இரண்டாம் வகையாக இருந்தால் போதும்.

திருவொற்றியூர்வாசி:

நான் வடிவமைப்புக் குழுக்களை நடத்தும் வேலையில் இருக்கிறேன், எனவே சற்று நீளமாகவே எழுதுகிறேன். ஐயா சொன்ன, காரணத்தோடு சொல்லும் பழக்கத்தை நான் இன்னும் ஒரு படி முன்னால் கொண்டுபோவேன். வரைந்து முடித்த பிறகு காரணம் சொல்வதைவிட, வரையத் தொடங்கும் முன்பே எதை வைத்து இந்த வேலையை எடைபோடப் போகிறோம் என்று எழுதிவைப்பதுதான் குழுத் தலைவரின் முதல் வேலை.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். காசிமேட்டில் மீன் ஏலக் கணக்கை எழுதிவைக்க ஒரு செயலி செய்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரையும் முன் ஒரு பக்கத்தில் சில வரிகள் எழுதுகிறோம்: இதைப் பயன்படுத்துபவர் விடியும் முன்பே வேலை தொடங்குபவர், கை ஈரமாக இருக்கும், சுற்றிலும் சத்தம் இருக்கும், வெயில் ஏறிய பிறகும் அதே திரையைத் திறந்த வெளியில் நின்று படிப்பார், ஒரு விலையைப் பதிவதற்கு அவருக்குச் சில நொடிகளே கிடைக்கும். இந்தப் பக்கத்தைக் குழுவில் எல்லோரும் படித்து ஒப்புக்கொண்டுவிட்டால், பிறகு ஒருவர் வெளிர்சாம்பல் எழுத்தில் அழகான திரை ஒன்றைக் கொண்டுவரும்போது, உங்களுக்குப் பிடிக்கவில்லை என்பதால் அதை மறுக்கிறீர்கள் என்று யாரும் எண்ண மாட்டார்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளி வேறுபாடு குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும் என்று இணைய அணுகல்தன்மை வழிகாட்டு நெறிகள் சாதாரண அளவு எழுத்துக்குச் சொல்கின்றன; வெயிலில் படிப்பவருக்கு அதற்கும் மேல் தேவை. இங்கே பேச்சு ரசனையை விட்டு விலகி, பயன்படுத்துபவரிடம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அகமதாபாத் வடிவமைப்புக் கல்லூரியில் படித்தவரும் ஆண்டர்சன் தெருவில் படித்தவரும் சமமாக நிற்கக்கூடிய இடம் அந்த ஒரு பக்கம்தான். உங்கள் தயக்கத்துக்கு என்னிடம் உள்ள பதில் இதுவே.

இதற்கு நேர்மாறான ஒரு தலைமையையும் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். அங்கே குழுவை நடத்தியவர் மிகத் திறமையான வடிவமைப்பாளர். இளையவர்கள் மாலையில் முடித்துவைத்த ஃபைலை இரவில் திறந்து, யாரிடமும் சொல்லாமல், தாமே எல்லாவற்றையும் திருத்திவிடுவார். மறுநாள் திரைகள் நன்றாகவே இருக்கும். ஆனால் எது ஏன் மாறியது என்று வரைந்தவருக்குத் தெரியாது, எனவே அடுத்த முறையும் அதே இடத்தில் அதே குறையே வரும். எப்படியும் அவர் மாற்றிவிடுவார் என்று தெரிந்த பிறகு யாரும் முழு மனதோடு யோசிப்பதை நிறுத்திவிட்டார்கள். கற்றுக்கொள்ள வேண்டும் என்ற வேகம் உள்ளவர்களே முதலில் வேலையை விட்டுப் போனார்கள். கை துருப்பிடிக்கும் என்று நீங்கள் பயப்படுகிறீர்கள். கையை அடக்கிவைக்கத் தெரியாமல் போவதுதான் அதைவிடப் பெரிய ஆபத்து.

ரிவ்யூவை, அதாவது வரைந்ததைக் குழுவாகப் பார்த்துக் கருத்துச் சொல்லும் கூட்டத்தை, எப்படி நடத்துகிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். வரைந்தவர் முதலில் பேச வேண்டும். இது எந்தக் கட்டத்தில் இருக்கிறது, எதைப் பற்றிக் கருத்து வேண்டும், எது ஏற்கெனவே முடிவாகிவிட்டது என்பதை அவரே சொல்லட்டும். அடுத்து இளையவர்கள், பிறகு மூத்தவர்கள், கடைசியாக நீங்கள். தலைவர் முதலில் வாயைத் திறந்தால் மீதிப் பேர் அதற்கு ஒத்தூதுவதோடு நின்றுவிடுவார்கள். மேலிடத்துக்குக் காட்டும் நாளில் வரைந்தவரே காட்ட வேண்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும்.

நேரத்தைப் பற்றியும் ஒரு சொல். மாலை ஏழு மணிக்கு ரிவ்யூ வைக்கும் வழக்கம் நம் துறையில் சாதாரணமாகிவிட்டது. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்த பிறகு எங்கள் பகுதியினரின் பயணம் எளிதாகியிருக்கிறது என்றாலும், பழைய மகாபலிபுரம் சாலையிலிருந்து வடக்கே திரும்புவது இன்றும் நீண்ட பயணம்தான். ஏழு மணிக் கூட்டத்தில் யார் தொடர்ந்து பேசாமல் இருக்கிறார்கள், யார் பாதியில் எழுந்து போகிறார்கள் என்று ஒரு மாதம் கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும் அவர்கள் பெண்களாகவும் தொலைவிலிருந்து வருபவர்களாகவும் இருப்பார்கள். காலை பதினொரு மணிக்கு மாற்றிவிட்டால் அவர்களுடைய கருத்தும் வேலைக்குள் வந்து சேரும். இதைச் செய்ய உங்களுக்கு யாருடைய அனுமதியும் தேவைப்படாது.

பெரம்பூர் எழுத்துரு:

திருவொற்றியூர்ச் சகோதரியின் பதிவில் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் கையை அடக்கிவைப்பதே தலைமை என்ற இடத்தில் உடன்பட முடியவில்லை. நான் செயலிகளில் தமிழ் எழுத்துகள் சரியாக வர வேண்டும் என்ற ஒரே வேலையைத் தொடர்ந்து செய்து வருபவன். ஆங்கிலத்துக்கு அமைத்த வரி இடைவெளியில் தமிழைப் போட்டால் மேல்வரியின் உகரச் சுழியும் கீழ்வரியின் இகர வளைவும் ஒன்றோடொன்று இடிக்கும். ஆங்கிலத்தில் ஒரே சொல்லில் முடிகிற பொத்தானுக்குள் தமிழ்ச் சொல் அடங்காது. 1978-ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை, னை வடிவங்களைப் பார்த்துப் பழகிய கண்கள் இன்னும் இருக்கின்றன. இவற்றையெல்லாம் கவனிக்க ஒரு குழுவில் ஒருவராவது ஆழமாக இறங்கியிருக்க வேண்டும். நல்ல கைவினைஞர் எல்லோரையும் மேலாளராக்கிவிட்டால் இந்த ஆழம் எங்கிருந்து வரும்?

ஆகவே தம்பி, முதலில் உங்கள் நிறுவனத்தில் வல்லுநர்களுக்கென்று தனிப் படிநிலை இருக்கிறதா என்று கேளுங்கள். ஆட்களை நிர்வகிக்காமலேயே பிரின்சிபல் டிசைனர் என்ற நிலை வரைக்கும் சம்பளத்தோடு உயரும் வழி சில நிறுவனங்களில் இருக்கிறது. அது இருந்தால் அவசரம் வேண்டாம். இல்லாவிட்டால், பொறுப்பை ஏற்று ஆறு மாதம் கழித்துப் பிடிக்கவில்லை என்றால் பழைய நிலைக்குச் சம்பளம் குறையாமல் திரும்பலாம் என்பதை மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாய்மொழி உறுதி மேலாளர் மாறினால் அவரோடு போய்விடும்.

ஐசிஎஃப் குடியிருப்பு:

எங்கள் வீட்டில் இரண்டு தலைமுறையாக ஐசிஎஃப் என்னும் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை. நான் மட்டும் வடிவமைப்புப் பக்கம் வந்தேன். பெரிய குழு எப்படி ஒரு பொருளைச் செய்து முடிக்கிறது என்பதற்கு நம் கண்ணெதிரிலேயே சான்று இருக்கிறது. ஒரு சுவிஸ் நிறுவனத்தின் தொழில்நுட்பத்தைக் கொண்டு 1955-இல் உற்பத்தியைத் தொடங்கிய அதே தொழிற்சாலை, 2018 அக்டோபரில் டிரெயின் 18 என்ற ரயிலை வெளியே கொண்டுவந்தது. அப்போது பொதுமேலாளராக இருந்தவர் சுதான்சு மணி. ஏறக்குறைய பதினெட்டு மாதங்களில் அதை முடித்தார்கள். 2019 பிப்ரவரி 15 அன்று அது வந்தே பாரத் என்ற பெயரில் புது தில்லிக்கும் வாரணாசிக்கும் இடையே ஓடத் தொடங்கியது.

இதில் நமக்கான செய்தி எது என்றால், ரயில் பெட்டியில் ஒரு துறையின் முடிவு இன்னொரு துறையின் இடத்தைத் தின்னும். இழுவை மோட்டாரும் மின்கருவிகளும் தனி எஞ்சினில் இல்லாமல் பெட்டிகளின் அடியிலேயே அமைகின்றன; அதனால் தளத்தின் கீழே எந்தக் கருவிக்கு எவ்வளவு இடம் என்பதை இயந்திரப் பொறியாளரும் மின்பொறியாளரும் உட்புற வடிவமைப்பாளரும் சேர்ந்தேதான் முடிவுசெய்ய முடியும். அடுத்தவரின் வரைபடம் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒவ்வொருவரும் காத்திருந்தால் அப்படிப்பட்ட காலக்கெடு எட்டாது. செயலி செய்யும் இடத்திலும் இதே நிலைதான். ஒரு நிறுவனம் தனக்குள் எப்படிப் பேசிக்கொள்கிறதோ, அது உருவாக்கும் அமைப்பும் அப்படியே அமையும் என்று கணினி நிரலாளர் மெல்வின் கான்வே 1968-இல் எழுதினார். பணம் செலுத்தும் பக்கமும் பொருள் தேடும் பக்கமும் வேறு வேறு செயலிகள்போல் தெரிந்தால், அவற்றைச் செய்த இரண்டு குழுக்களும் பேசிக்கொள்ளவில்லை என்று பொருள். அவர்களைப் பேசவைப்பதையும் உங்கள் வேலையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கொருக்குப்பேட்டை டிசைனர்:

அனைவருக்கும் நன்றி. பெரம்பூர் அண்ணன் சொன்னபடி கேட்டேன். எங்கள் நிறுவனத்தில் வல்லுநர்களுக்கென்று தனிப் படிநிலை இல்லை. ஆறு மாத ஏற்பாட்டுக்கு மேலாளர் சம்மதித்து எழுத்திலும் தந்துவிட்டார். திருவொற்றியூர் அக்காவிடம் இன்னும் இரண்டு கேட்க வேண்டும். எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மூத்தவரிடம் எப்படித் தொடங்குவது? அத்துடன், எங்கள் மேலாளர் எந்தத் திரையைக் காட்டினாலும் இன்னும் கொஞ்சம் எடுப்பாக இருக்கலாமே என்று மட்டும் சொல்வார். அதை எப்படிக் கையாள்வது?

திருவொற்றியூர்வாசி:

மூத்தவரிடம் அறிவிப்பு வருவதற்கு முன்பே நீங்களே போய்ப் பேசுங்கள், அதுவும் அலுவலகத்துக்கு வெளியே. இந்தப் பொறுப்பை அவர் எதிர்பார்த்தாரா என்று நேராகவே கேட்டுவிடுங்கள். எதிர்பார்த்திருந்தால் அந்த வருத்தத்தை அவர் சொல்லி முடிக்க இடம் கொடுங்கள், சமாதானம் சொல்ல அவசரப்பட வேண்டாம். எதிர்பார்க்கவில்லை என்றால், எந்த முடிவுகள் அவருடையவை என்பதைப் பிரித்துக்கொள்ளுங்கள். உதாரணமாக, எல்லாச் செயலிகளுக்கும் பொதுவான டிசைன் சிஸ்டம் (பொத்தான், நிறம், எழுத்து போன்றவற்றுக்கான பொது விதிகளின் தொகுப்பு) முழுவதும் அவர் பொறுப்பு, அதில் அவர் சொல்வதே முடிவு, நீங்களும் அதற்குக் கட்டுப்படுவீர்கள் என்று குழுவின் முன்னால் சொல்லுங்கள். சொன்னபடி நடக்கவும் வேண்டும். மரியாதையைப் பேச்சில் மட்டும் கொடுத்துவிட்டு முடிவுகளைக் கையில் வைத்துக்கொண்டால் அவருக்கு ஒரே வாரத்தில் தெரிந்துவிடும். பெரம்பூர் நண்பர் சுட்டிய ஆழம் காப்பாற்றப்படுவதும் இப்படித்தான். உங்கள் கை சும்மா இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை, அடுத்தவரின் ஃபைலுக்குள் சொல்லாமல் போகக்கூடாது என்றுதான் சொல்கிறேன். உங்களுக்கென்று சிறிய வேலை ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அது தாமதமானால் மற்றவர்கள் காத்திருக்க வேண்டிய வேலையாக இருக்கக் கூடாது.

எடுப்பு கேட்கும் மேலாளருக்கு, எந்த இடத்தில் பார்வை தயங்கியது என்று கேளுங்கள். பதில் கிடைக்காவிட்டால் பயன்படுத்துபவர்களிடம் காட்டிவிட்டு வாருங்கள். ஐந்து பேரிடம் சோதித்தாலே பயன்பாட்டுச் சிக்கல்களில் ஏறக்குறைய 85 விழுக்காடு வெளிப்பட்டுவிடும் என்பது பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சனின் கணக்கு. எல்லாச் சூழலுக்கும் அது பொருந்தாது, ஆனாலும் ஒரு பிற்பகலில் செய்துவிடக்கூடிய வேலை. ஐந்து பேரில் மூன்று பேர் பொத்தானைத் தேடித் தடுமாறிய காணொளியைப் பார்த்த பிறகு, எடுப்பு பற்றிய பேச்சு தானாகவே பொத்தானைப் பற்றிய பேச்சாக மாறிவிடும்.

வியாசர்பாடி மாணவர்:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். பி.காம். இறுதியாண்டு படிக்கிறேன், பகுதிநேரமாக ஃபிளெக்ஸ் போர்டு வடிவமைக்கிறேன். போர்ட்ஃபோலியோவில் (வேலை மாதிரிகளின் தொகுப்பில்) என்ன வைத்தால் நிறுவனங்கள் கூப்பிடும்? முகவரியைப் பார்த்தே ஒதுக்கிவிடுவார்கள் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள்.

பெரம்பூர் எழுத்துரு:

அப்படி ஒதுக்குபவர்களும் இருக்கிறார்கள் என்பதை மறுக்க மாட்டேன், அதனால் போர்ட்ஃபோலியோவில் முகவரி போட வேண்டிய தேவையே இல்லை, மின்னஞ்சல் போதும். புகழ்பெற்ற செயலியின் முகப்பை நீங்கள் மாற்றி வரைந்தது யாருக்கும் பயன்படாது. உங்கள் ஊரிலேயே செய்து பார்க்கத்தக்க வேலை நிறைய இருக்கிறது: எம்.சி. ரோடு துணிக்கடைகளின் விலைச் சீட்டு, பேருந்து நிலையத்து வழித்தடப் பலகை, ரேஷன் கடை வாசலில் இருப்பு எழுதும் பலகை. மூன்று வேலை போதும், ஆனால் ஒவ்வொன்றிலும் யாரிடம் பேசினீர்கள், என்னென்ன வடிவங்களை வரைந்து கைவிட்டீர்கள், ஏன் கைவிட்டீர்கள் என்பது இருக்க வேண்டும். ஆள் எடுக்கும்போது நான் கைவிட்ட வடிவங்களைத்தான் முதலில் பார்ப்பேன். படிக்க விருப்பமிருந்தால், பட்டம் முடித்தவர்களுக்கு மும்பை ஐஐடி நடத்தும் சீட் (CEED) என்ற நுழைவுத் தேர்வு வழியாக வடிவமைப்பில் முதுகலைக்குப் போகலாம். நமக்குப் பக்கத்திலேயே, 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய ஓவியப் பள்ளி அரசு கவின் கலைக் கல்லூரியாக இயங்குகிறது, அங்கே காட்சித் தொடர்பு வடிவமைப்பும் உண்டு.

அந்தக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரைப் பற்றி, இந்த இழைக்குப் பொருந்தும் என்பதால், ஒன்று சொல்லிவிடுகிறேன். ஓவியம் மட்டும் சோறு போடாது என்பதை அறிந்து, பாத்திக் போன்ற கைவினைப் பொருள்களைச் செய்து விற்க மாணவர்களுக்கு வழி அமைத்து, அந்த வருமானத்தின் துணையோடு 1966-இல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை உருவாக்கினார். தன்னோடு வருபவர்களின் ஓவியத்தைப் பற்றி யோசித்த அளவுக்கு அவர்களுடைய வாடகையைப் பற்றியும் யோசித்தவர். சம்பள உயர்வுக் காலத்தில் தன் குழுவுக்காக வாதாடத் தெரியாத லீடை நான் லீடாகக் கருதுவதில்லை.

கொருக்குப்பேட்டை டிசைனர்:

மூத்தவரோடு பேசிவிட்டேன். தனக்கு ஆட்களை நிர்வகிக்கும் வேலையில் விருப்பமில்லை என்றும், டிசைன் சிஸ்டத்தைத் தன்னிடம் முழுமையாக விட்டுவிட்டால் போதும் என்றும் சொன்னார். அடுத்த மாதம் முதல் பொறுப்பேற்கிறேன். ரிவ்யூவைப் பதினொரு மணிக்கு மாற்றுவதாக அறிவித்ததும், இதுவரை கூட்டங்களில் அதிகம் பேசாத இருவர் தனித்தனியாக வந்து நன்றி சொன்னார்கள். பணிக்கரைப் பற்றிய குறிப்பைப் படித்த பிறகு ஒரு கேள்வி எழுகிறது. சம்பள மதிப்பீட்டுக்கு இன்னும் பல மாதங்கள் இருக்கின்றன. குழுவினருக்காக வாதாட இப்போதே என்ன தயார் செய்ய வேண்டும்?

திருவொற்றியூர்வாசி:

ஒவ்வொருவருக்கும் ஒரு தனிப் பக்கம் திறந்து, இந்த வாரமே எழுதத் தொடங்குங்கள். எந்த முடிவை அவர் எடுத்தார், அதனால் என்ன மாறியது, யார் அதைக் கவனித்தார்கள் என்று தேதியோடு இரண்டு வரி போதும். வாராவாரம் அரை மணி நேரம் தனியாகப் பேசும்போது அந்தப் பக்கத்தை அவருக்கும் காட்டுங்கள், விட்டுப்போனதை அவரே சேர்க்கட்டும். மதிப்பீட்டுக் காலத்தில் நினைவிலிருந்து எழுத உட்கார்ந்தால் கடைசி இரண்டு மாத வேலையும், கூட்டங்களில் அதிகம் பேசியவரின் வேலையும் மட்டும்தான் நினைவுக்கு வரும். மேலும், உயர்வுக்கான மொத்தத் தொகை பெரும்பாலும் மதிப்பீட்டுக் கூட்டத்துக்கு முன்பே ஒதுக்கப்பட்டுவிடும். அது எந்த மாதத்தில், யார் கையால் முடிவாகிறது என்பதை நிதித் துறையிடம் இப்போதே கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்த மாதத்துக்கு முன்னதாகவே உங்கள் பக்கங்களோடு மேலாளரிடம் போய் உட்காருங்கள்.